கேக் மேல் எழுதுகிறவளுக்கு ஒரு பாட்டு

சமையலறையிலிருந்து 'டங்' என்று ஒரு சத்தம் வந்தது.

கூடத்தில் ஆர்மோனியத்தின் துருத்தியை அமுக்கிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. "பாத்திரம் விழுந்துடுச்சு போல," என்றார் ஆர்மோனியக்காரர்.

"விழல. வெச்சிருக்கா," என்றார் லிஃப்ட்காரர்.

கைதவறி விழுந்த பாத்திரம் கொஞ்ச நேரம் உருண்டு புலம்பும். கோபத்தில் வைத்த பாத்திரம் ஒரே சொல்லோடு வாயை மூடிக்கொள்ளும். இத்தனை வருடக் குடித்தனத்தில் இந்த வித்தியாசம்கூடத் தெரியாமல் போனால் அவர் என்ன புருஷன்? முழங்கால் மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்த விரல்களை மெதுவாக மடக்கிக்கொண்டார்.

அவர் மனைவி வாசல்நிலையில் வந்து நின்றாள். கையில் ஈரம். அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

"அந்தக் கடைசி நாலு அடிய இன்னொரு தடவ பாடுங்க தம்பி."

எதிர்வீட்டு ஆர்மோனியக்காரருக்கு அவள் அண்ணி முறை. அண்ணி ஆசைப்பட்டுக் கேட்கிறாள் என்று நினைத்துவிட்டார் பாவம். கண்ணை மூடி, குரலைக் குழைத்து, அனுபவித்துப் பாடினார்.

மேலே கீழே எத்தனை தூரம்
மெல்ல நகருது என் நேரம்
யாரும் காணாச் சுவரோரம்
அன்பே நீயென் எதிர்பாரம்

"பாரமா?" என்று கேட்டாள் அவள்.

"பாரம் இல்ல. எதிர்பாரம். லிஃப்ட்ல அந்தப் பக்கம் தொங்குமே, அந்த..." என்று லிஃப்ட்காரர் தொடங்கினார்.

"வார்த்தைக்கு முன்னாடி என்னத்த ஒட்டினாலும் பாரம் பாரம்தான்."

அவ்வளவுதான். பையை எடுத்து மாட்டிக்கொண்டு சாயங்கால வேலைக்குக் கிளம்பிவிட்டாள். சத்தம் இல்லை, சண்டை இல்லை. செருப்புச் சத்தம்கூட மாடிப்படியில் நிதானமாகத்தான் இறங்கியது. அந்த நிதானத்தைக் கேட்டதும் லிஃப்ட்காரர் ஆர்மோனியத்தை மூடச் சொன்னார்.

*

அவளை அந்தத் தெருவில் எல்லோரும் க்ரீம் அக்கா என்பார்கள். ஆறு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிற பேக்கரியில், கேக் மேல் எழுதுவது அவள் வேலை. பட்டர் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி, க்ரீமை நிரப்பி, நுனியைத் துளி வெட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுவாள். காகிதத்தில் தப்பாக எழுதினால் கிழித்துப் போடலாம். க்ரீமில் தப்பாக எழுதினால் கத்தியால் வழித்தாலும் சாயம் போகாது. அதனால் எழுதுவதற்கு முன் யோசிக்கிற பழக்கம் அவளுக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது.

ஊரில் இருக்கிற அன்பெல்லாம் அவள் கை வழியாகத்தான் போகும். 'என் நிலவுக்கு', 'என் உயிரே', 'தேனே', 'தேவதையே'. அரைக் கிலோ கேக்கில் இடம் இல்லையென்றாலும் தேவதையை இறக்கிவிட்டே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பார்கள். ஒருநாள் ஒரு வாலிபன் 'என் உயிரின் உயிரே' என்று எழுதச் சொன்னான். கீழே பெயர் வேண்டாமா என்று கேட்டதும், எழுத்து எப்படி வரும் என்று தெரியாமல் அந்த உயிருக்கே போன் போட்டுக் கேட்டான். பேக்கரியே அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தது. க்ரீம் அக்கா மட்டும் சிரிக்காமல் எழுதிக் கொடுத்தாள்.

"நிலவுன்னு எழுதினா என்ன, உயிர்னு எழுதினா என்ன? எல்லாம் ரெண்டு நிமிஷ வாழ்வு. நடுவுல கத்தி வெப்பாங்க. நிலவு ஆளுக்கொரு துண்டாப் போயிடும்," என்பாள்.

வார்த்தைகள் மேல் அவளுக்கு வெறுப்பு என்று எண்ணிவிடாதீர்கள். வெறுப்பு இருந்தால் இன்னொரு நாள் அப்படி நடந்திருக்காது. தன் தகப்பனாரின் எழுபதாவது பிறந்தநாளுக்கு 'எங்கள் ஆலமரமே' என்று எழுதச் சொல்லி ஒருவர் வந்தார்.

"அப்பா என்ன வேல பாத்தாருங்க?" என்று கேட்டாள்.

"பஸ் ஓட்டினாரு."

"வேல வேலன்னு வீட்டுலயே இருந்திருக்க மாட்டாரே."

"எங்க இருந்தாரு? நாங்க தூங்கினப்புறம் வருவாரு, எந்திரிக்கிறதுக்குள்ள போயிடுவாரு."

"அப்ப மரம் வேணாங்க. மரம் ஒரே எடத்துல நிக்கும். 'எங்களைக் கொண்டுவந்து சேர்த்தவருக்கு'ன்னு எழுதட்டுமா?"

அவர் தலையை ஆட்டினார். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். அப்புறமும் கண்ணாடி நனைந்தே இருந்தது.

உவமை என்பது சட்டை மாதிரி, அது அந்த ஆளின் தோளுக்குச் சரியாக உட்கார வேண்டும், கடையில் தொங்குகிறதே என்று எடுத்து யாருக்கும் மாட்டிவிட முடியாது. இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. பிறத்தியாருக்காக எழுதி எழுதிக் கை கண்டுபிடித்த விஷயம் அது.

ஆனால் அவளுக்கென்று யாராவது ஒரு வரி எழுதியிருக்கிறார்களா?

நாலு பெண்களில் கடைசியாகப் பிறந்தவள். அவள் பிறந்த அன்று தகப்பன் ஆஸ்பத்திரிக்கு வராமல் நேரே வேலைக்குப் போய்விட்டதாகச் சொல்வார்கள். வீட்டில் அவளுக்குப் பிறந்தநாள் கொண்டாடியதே இல்லை. கேக் என்பது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பொருள் என்றே வளர்ந்தாள். பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கமே வேலைக்குப் போனாள். விதிக்கும் சில நேரம் குறும்பு உண்டு.

லிஃப்ட்காரர் அவளைச் சந்தித்ததும் அந்தக் கட்டடத்தில்தான். அஞ்சாவது மாடி அலுவலகத்துக்கு ஒரு பெரிய கேக்கைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட்டில் போனாள். நடுவழியில் லிஃப்ட் நின்றது, விளக்கும் அணைந்தது. இருட்டில் கேக்கைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. கதவை நெம்பித் திறந்த மெக்கானிக் பையன் முதலில் கேட்ட கேள்வி, "கேக்குக்கு ஒண்ணும் ஆகலியே?"

"ஏன், ஆளுக்கு ஏதாவது ஆனாப் பரவால்லியா?" என்றாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அவர் அவளைக் கல்யாணம் செய்துகொண்டார் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

*

கல்யாணமாகி முப்பது வருடம் ஆகப்போகிறது என்று மகள் வெளியூரிலிருந்து போனில் ஞாபகப்படுத்தினாள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிடலாம் என்று ஏற்பாடு. உனக்கு என்ன வேண்டும் என்று மனைவியிடம் கேட்டார் லிஃப்ட்காரர். புடவை என்பாள், வளையல் என்பாள் என்று எதிர்பார்த்தார்.

அவள் கேக் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "ஊருக்கெல்லாம் நான் எழுதறேன். எனக்குன்னு ஒருத்தரும் ஒரு வரி எழுதினதில்ல. நீங்க எழுதுங்க. பொய் மட்டும் வேணாம்."

அதைக் கேட்டதிலிருந்து அந்த மனிதருக்கு வேறு நினைப்பே இல்லை. லிஃப்ட் கூண்டின் உச்சியில், கிரீஸ் வாசனைக்கு நடுவில், ரேடியோவில் பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை செய்கிறவர் அவர். எந்தப் பாட்டைக் கேட்டாலும் பெண் என்றால் மான், மீன், மயில், குயில். மிருகக்காட்சி சாலைக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு போன மாதிரி இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. தன் வீட்டில் இருப்பவள் இதில் எதுவும் இல்லை. அப்படியானால் அவள் என்ன? யோசித்து யோசித்து, தன் வாழ்நாளெல்லாம் பார்த்த ஒன்றையே பிடித்தார்.

'யாரும் பார்க்காத சுவத்துப் பக்கம் நீதான் என் கவுன்ட்டர் வெயிட்டு' என்று எழுதி ஆர்மோனியக்காரரிடம் கொண்டுபோனார்.

ஆர்மோனியக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அண்ணே, அடி முடியற சத்தம் ஒத்துப்போகணும். அப்பதான் மனசுல நிக்கும். வெயிட்டுக்கு என்ன போடறது? நைட்டு, லைட்டு, டைட்டு. இது கல்யாண நாள் பாட்டா, பஸ் ஸ்டாண்டுப் பாட்டா?"

"அப்ப நீங்களே ஒண்ணு போடுங்க."

"தூரம், நேரம், ஓரம்னு போட்டு எதிர்பாரம்னு முடிக்கலாம். கேளுங்க, தேன் மாதிரி எறங்குது."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. சத்தம் அழகாகப் போய் உட்கார்ந்துகொண்டது. சத்தத்தோடு கூடவே ஓர் அர்த்தமும் உள்ளே நுழைந்து காலை நீட்டிக்கொண்டதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

*

பாத்திரம் பேசிய அந்த நாளுக்கு அடுத்த நாள், ஆர்மோனியக்காரர் பரிகாரம் செய்ய வந்தார். பேக்கரிக்குப் போகாத வேளையாகப் பார்த்து, லிஃப்ட்காரரும் அவரும் அவள் எதிரே உட்கார்ந்தார்கள். தேர்வு எழுதப்போகிற பிள்ளைகள் மாதிரி இருந்தது.

"அண்ணி, அந்த அடிய மாத்திட்டோம். 'அன்பே நீ ஒரு வெண்ணிலவு'."

"மாசத்துல பாதி நாள் தேஞ்சுக்கிட்டே இருக்கவா?"

"சரி, 'பூவே'ன்னு வெப்போம்."

"பூ சாயங்காலம் வாடிடும். முப்பது வருஷம் வாடாம இருந்தா அது பிளாஸ்டிக்."

"விளக்கு?" என்று மெதுவாகக் கேட்டார் லிஃப்ட்காரர்.

"எரியறது நானு, வெளிச்சம் உங்களுக்கு. நல்ல பங்கீடு."

ஆர்மோனியக்காரர் விடவில்லை. "அந்தச் சத்தமே இருக்கட்டும், வேற வார்த்த போடலாம். ஆதாரம்?"

"நான் என்ன சர்டிபிகேட்டா?"

"ஈரம்?"

"கூரை ஒழுகுதா?"

"காரம்?"

"அது பொருந்தும்," என்றார் லிஃப்ட்காரர். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது. ஆனால் அவள் உதட்டோரம் கொஞ்சம் நெளிந்தது. சிரிப்பு வரப்பார்த்துத் திரும்பிப் போய்விட்டது.

ஆர்மோனியக்காரர் எழுந்து போனார். லிஃப்ட்காரர் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணு புரியல. நிலவையும் பூவையும் கிண்டல் பண்ற. சரி. அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் ஏன் மூஞ்சி அப்படிப் போச்சு?"

அவள் தன் கட்டை விரலைத் தடவிக்கொண்டாள். கூம்பு பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன விரல்.

"எங்கப்பா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல," என்றாள். "யாராவது வந்தா, 'இது கடைசிப் பாரம், இத எறக்கிட்டா நான் நிமிந்துடுவேன்'னு சொல்லுவாரு. நம்ம கல்யாணத்தன்னிக்குக்கூட உங்க கையைப் புடிச்சுக்கிட்டு அதத்தான் சொன்னாரு. மேளச் சத்தத்துல உங்களுக்குக் கேக்கல. எனக்குக் கேட்டுச்சு."

முப்பது வருடம். ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஒரே போர்வை. இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவள் எங்கே மடித்து வைத்திருந்தாள்?  அவள் தகப்பன் கையால் ஏற்றிவிட்ட வார்த்தையைத் தன் கையால் எடுத்து, மெட்டுப் போட்டு, ஊரைக் கூட்டிப் பாடப் பார்த்தோமே என்று லிஃப்ட்காரருக்கு நெஞ்சு வெந்தது.

"எடுத்துடறேன்," என்றார். "அந்த வரியே வேணாம்."

"எடுத்துட்டா என்ன மிச்சம்? தூரமாம், நேரமாம், ஓரமாம். க்ரீம் இல்லாத வெறும் ஸ்பாஞ்சு."

"அப்ப பாட்டே வேணாம்."

அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. 'எனக்குன்னு ஒரு வரி' என்று கேட்டவள் அவள்தான். வந்த ஒரே வரியும் முள்ளாக வந்தது. அதையும் எடுத்துவிட்டால் இந்தப் பிறவியில் வேறு வரி வருமா? அந்தக் கேள்வி இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தது.

*

வெள்ளிக்கிழமை மதியம் பேக்கரிக் கட்டடத்தின் லிஃப்ட்டை நிறுத்திப் பராமரிப்பு வேலை. லிஃப்ட்காரர் ஆறாவது மாடியில் இருந்தார். காலையில் சாப்பாட்டுக் கேரியரை மறந்துவிட்டுப் போயிருந்தார். கோபமோ வருத்தமோ, சாப்பாடு போய்ச் சேர்ந்தாக வேண்டும். கீழ்த்தளத்திலிருந்து க்ரீம் அக்கா மூச்சு வாங்க ஆறு மாடி ஏறினாள்.

இத்தனை வருடத்தில் அவர் வேலை செய்கிற இடத்தை அவள் பார்த்ததே இல்லை. லிஃப்ட் என்றால் அவளுக்கு ஒரு பெட்டி, ஒரு கண்ணாடி, சில பொத்தான்கள். இப்போது கதவு திறந்திருந்தது. உள்ளே பெட்டி இல்லை. குறுக்கே தடுப்புக் கம்பி கட்டியிருந்தது. அதற்கு அப்பால் இருட்டான ஓர் ஆழம்.

"கிட்ட வராத. அங்கேயே நில்லு," என்று அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"பெட்டி எங்க?"

"கீழ. தரைத்தளத்துல நிக்குது."

"அப்ப இது என்ன?"

எதிர்ச் சுவரை ஒட்டி, ஓர் இரும்புச் சட்டத்துக்குள் கட்டி கட்டியாக இரும்பு அடுக்கியிருந்தது. மேலே தூசி, ஓரமெல்லாம் கிரீஸ். தடிமனான கம்பி வடங்களில் அசையாமல் தொங்கியது. லிஃப்ட்காரர் பதில் சொல்லத் தயங்கினார். அந்தத் தயக்கத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இதுவா நானு?"

"ம்."

"நல்லா இருக்கேன்."

அவர் முகம் சுருங்கியது. அவள் டார்ச்சை அவர் கையிலிருந்து வாங்கி அடித்துப் பார்த்தாள். கேக்கில் எழுத்து சரிந்திருக்கிறதா என்று பார்க்கிற அதே பார்வை.

"இது எதுக்கு?"

"இது இல்லேன்னா அந்தப் பெட்டியத் தூக்க மோட்டார் திணறும். பெட்டி ஒரு பக்கம், இது ஒரு பக்கம். ரெண்டும் ஒண்ண ஒண்ணு தாங்கிக்கும். மோட்டார் சும்மா ஒரு தள்ளு தள்ளினாப் போதும்."

"பெட்டியோட எடையும் இதோட எடையும் ஒண்ணா?"

"இல்ல. இது கூடுதலா இருக்கும். பெட்டியோட எடை, அதுக்கு மேல, ஏறப்போற ஆளுங்க எடையில கிட்டத்தட்டப் பாதியையும் சேத்துப் போட்டுடுவோம்."

"இன்னும் ஏறாத ஆளுங்களோட எடையையுமா?"

"ஆமா. அவங்க வர்றதுக்கு முன்னாடியே இது சொமந்துக்கிட்டு நிக்கும்."

டார்ச் வெளிச்சம் கொஞ்ச நேரம் ஒரே இடத்தில் நின்றது. படுக்கையில் கிடந்த மாமியார், படிப்புக்காக வந்து தங்கிய கொழுந்தன், மகள், மகளின் பிரசவம். ஒவ்வொருவரும் அந்த வீட்டில் ஏறினார்கள், இருந்தார்கள், இறங்கவேண்டிய இடத்தில் இறங்கினார்கள். அவள் அங்கேயே இருந்தாள்.

"எப்பவும் இருட்டுலதான் இருக்குமா?"

"ஆமா."

"யாரும் பாக்க மாட்டாங்க."

"நான் பாப்பேன்," என்றார் லிஃப்ட்காரர். "தெனமும் இதப் பாக்காம நான் வேலை ஆரம்பிச்சதில்ல."

அவள் டார்ச்சை அணைத்தாள். அணைத்ததற்குக் காரணம், தன் முகம் அவருக்குத் தெரிய வேண்டாம் என்பதுதான். அந்த அரையிருட்டிலிருந்து குரல் வந்தது.

"ஒரு சந்தேகம். நீங்க மேல போனா இது கீழ போகும். அப்படித்தானே?"

"ஆமா..."

"அதுவும் சரியாத்தான் எழுதியிருக்கீங்க."

லிஃப்ட்காரர் திகைத்துப்போனார். அவர் எழுதியபோது அதை நினைக்கவே இல்லை. தாங்குவதை மட்டுமே நினைத்தார். அவர் நினைக்காததையும் அந்த உருவகம் தன் மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தது. அவருக்கு ஃபோர்மேன் பதவி கிடைத்த வருடம், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் அவள் பேக்கரி வேலையை விட்டிருந்தாள். அவர் பெயர் கம்பெனியில் ஏறியபோது அவள் பெயர் பேக்கரி வருகைப் பதிவில் இல்லை. திரும்பச் சேர நாலைந்து வருடம் ஆனது.

"நான் கீழ வந்தா நீ மேல வரணுமே," என்றார் பரிதாபமாக.

"நீங்க எப்ப வந்தீங்க?"

 லிஃப்ட்காரர் கையில் இருந்த ஸ்பேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் கேரியரை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"சாப்பிடுங்க. ஆறிடும்," என்றாள். பிறகு இரண்டு படி இறங்கி நின்று திரும்பிப் பார்த்தாள். "அத இன்னும் ஒரு அடியா எழுதுங்க. தாங்கினத மட்டும் பாடிட்டு, எறங்கினத விட்டுட்டா பாதிப் பொய்."

அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு கூடவா குறையவா என்று லிஃப்ட்காரருக்குத் தெரியவில்லை. சாப்பிட்டுக்கொண்டே அழுதாரா, அழுதுகொண்டே சாப்பிட்டாரா என்பதும் அவருக்கே தெளிவாகத் தெரியாது.

*

சனிக்கிழமை மாலை பெரியக்கா வந்தாள்.

நாலு பேரில் மூத்தவள். துணிக்கடை வைத்து நடத்துகிறவள். அவள் வீட்டுக்குள் வந்தால் நாற்காலிகள்கூட நிமிர்ந்து உட்காரும். தங்கை ஒரு மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டது அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. "கயிறு இழுக்கிற மாப்பிள்ளை" என்று முதல் வருடம் வைத்த பட்டப்பெயரை இன்னும் கைவிடவில்லை.

"நாளைக்குப் பாட்டுக் கச்சேரியாமே? உன் வீட்டுக்காரர் எழுதினதாமே? எனக்கு முன்னாடியே கேக்கணும். நாலு பேருக்கு நடுவுல சிரிச்சு வெச்சிடக் கூடாது பாரு."

ஆர்மோனியக்காரர் அழைத்து வரப்பட்டார். லிஃப்ட்காரர் கதவோரம் நின்றார். பாட்டு வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ மனைவி இன்னும் வாயைத் திறந்து சொல்லவில்லை. புது அடிகளை எழுதி வைத்தார், அவள் படித்தாள், மடித்து வைத்தாள், வேலைக்குப் போய்விட்டாள். பாடச் சொல்லலாமா என்று கண்ணாலேயே அவளைக் கேட்டார். அவள் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

பாட்டு ஆரம்பித்தது. தூரம் வந்தது, நேரம் வந்தது, சுவரோரம் வந்தது.

அன்பே நீயென் எதிர்பாரம்

பெரியக்கா கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"போதும். இதுக்கு ஒரு ஆர்மோனியம் வேற. எங்கப்பா சொன்னதத்தான் இவரும் சொல்றாரு. அவர் சும்மா சொன்னாரு, இவர் ராகம் போட்டுச் சொல்றாரு. ஏண்டி, இதக் கேட்டுக்கிட்டு நீ டீ போட்டுக்கிட்டிருக்க?"

லிஃப்ட்காரர் தலை குனிந்தது. ஆர்மோனியக்காரரின் விரல் ஒரு கட்டையில் மாட்டிக்கொண்டு 'ஙீ' என்று தனியாக அழுதது.

க்ரீம் அக்கா டம்ளரை அக்காவின் கையில் கொடுத்தாள். எதிரே உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அப்பா சொன்னது பாரம்க்கா. இது எதிர்பாரம்."

"ரெண்டுக்கும் என்னடி வித்தியாசம்?"

"அப்பா என்னை எறக்கி வெக்கணும்னு சொன்னாரு. லிஃப்ட்ல இத எறக்கி வெச்சா அந்தப் பெட்டி ஒரு மாடி ஏறாது. நான் போய்ப் பாத்தேன். இரும்புக் கட்டி. பாக்க அழகாவே இல்ல. ஆனா அது எவ்வளவு தாங்குது தெரியுமா? இருக்கறவங்களுக்கு மட்டும் இல்ல, இன்னும் வராதவங்களுக்கும் சேத்து எடை போட்டு வெச்சிருக்காங்க. என்னைப் பத்தி இவ்வளவு சரியா யாரும் சொன்னதில்லக்கா."

பெரியக்கா டீயை வாய்க்குக் கொண்டுபோகாமல் பிடித்திருந்தாள்.

"நிலவுன்னு சொல்லியிருந்தா எல்லாரும் கைதட்டியிருப்பாங்க," என்று தொடர்ந்தாள் தங்கை. "தெனம் பத்து நிலவு எழுதறேன். எந்த நிலவும் எந்த வீட்டுலயும் ஒரு கொடம் தண்ணி தூக்கினதா நான் கேள்விப்படல. தம்பி, நிறுத்தாதீங்க. மிச்சத்தையும் பாடுங்க."

ஆர்மோனியக்காரர் புது அடிகளைப் பாடினார்.

நான் உயர்ந்த நாளில் எல்லாம்
நீ இறங்கினாய் இருளில்
நான் இறங்க மறந்த கடனை
நான் சுமப்பேன் என் தோளில்

 லிஃப்ட்காரர் இப்போதுதான் தலையை நிமிர்த்தினார். மனைவி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டும் என்று அவள் இன்னும் வாயைத் திறந்து சொல்லவில்லை. இனிச் சொல்லத் தேவையும் இல்லை.

பெரியக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் கண்ணை யாரும் பார்க்கவில்லை, பார்க்க விடவும் இல்லை.

"அப்பா உன்னை மட்டும் சொல்லலடி," என்றாள். "நான் பொறந்தப்போ 'மொதல் பாரம்'னாராம். அம்மா சொல்லியிருக்கா. நான் கடையத் தொறந்து அவருக்குக் கடைசி வரைக்கும் சோறு போட்டேன். ஒரு தடவகூட அந்த வார்த்தைய அவர் திருப்பி எடுத்துக்கல." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இந்தக் கயித்துக்காரர் பாரு, எங்கிருந்தோ அதே வார்த்தைய வேற அர்த்தமாத் திருப்பி எடுத்துட்டு வந்திருக்காரு."

"இன்னொரு டீ போடட்டுமாக்கா?"

"வேணாம். மொதல் டீயே ஆறிப்போச்சு. கடையப் பூட்டணும், நான் வரேன்." எழுந்து புடவையை உதறிச் சரிசெய்துகொண்டாள். வாசல் வரை போனவள், செருப்பில் ஒரு காலை நுழைத்தபடி லிஃப்ட்காரர் பக்கம் திரும்பினாள்.

"மாப்பிள்ளை."

பட்டப்பெயர் இல்லாமல் அவள் கூப்பிட்டு அவர் கேட்டதில்லை. பதறி முன்னால் வந்தார்.

"நாளைக்கு அந்த எதிர்பார அடிய ரெண்டு தடவ பாடச் சொல்லுங்க."

"ஏங்க பெரியக்கா?"

"மொதல் தடவ கேக்கறப்போ குத்துச்சு. இவ சொன்னப்புறம் மனசுக்குள்ள ரெண்டாந்தடவ கேட்டுப் பாத்தேன், வேற மாதிரி இருந்துச்சு. வர்றவங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். ஒரு தடவையோட விட்டுட்டா குத்தினதோட வீட்டுக்குப் போயிடுவாங்க."

"நடுவுல கொஞ்சம் மூச்சு விட்டுப் பாடறேன்," என்றார் ஆர்மோனியக்காரர் மரியாதையாக.

"விடுங்க. நல்லா விடுங்க. அந்த எடத்துலதான் எல்லாரும் யோசிக்கணும்."

தங்கையின் கன்னத்தை ஒரு விரலால் தட்டினாள். சின்னப் பிள்ளையில் தட்டியதற்குப் பிறகு இன்றைக்குத்தான். வேறொன்றும் சொல்லாமல் படி இறங்கினாள். கனமான உடம்பு, ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. அவள் தெருவுக்குப் போய்ச் சேரும்வரை க்ரீம் அக்கா வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.